மகன் ஏசுவான் என்று மறைக்காதீர்கள்!

தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறவர்களிடம், "வீட்டில் ஏதாவது கவலையா?" என்று கேட்பது வைத்தியர் வழக்கம். முன்பெல்லாம் பெண்ணின் கல்யாணம், சொத்துத் தகராறு என்று பதில் வரும். இப்போது நாசரேத் பக்கம் புதிதாக ஒரு பதில் வருகிறது. "கம்ப்யூட்டர்ல என்னத்தையோ அமுக்கிட்டேன் ஐயா. மகனுக்குத் தெரிஞ்சா ஏசுவான்!"

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருப்பார்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், துணைக்கு ஒரு பயம்!

வாசகர்களே, இந்தத் தொல்லைகளில் பாதி சாதாரணமானவை. திடீரென்று இ-மெயில் வருவது நின்றுவிட்டதா? ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம். கூகுளில் சேரும் போட்டோக்களுக்கும் சேர்த்துத்தான் அது. நிரம்பினால் புதுக் கடிதம் உள்ளே வராது. மலச்சிக்கல் மாதிரிதான்! பெரிய இணைப்புகள் உள்ள பழைய கடிதங்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால் தீர்ந்தது.

திரை முழுக்கச் சிவப்பாகி, ‘வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்’ என்கிறதா? செய்யாதீர்கள். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

‘தெரிந்தவர் அனுப்பியதுதானே’ என்று இணைப்பைத் திறப்பதும் ஆபத்து. 2000-ம் ஆண்டு மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. நண்பர்களின் முகவரியிலிருந்தே காதல் கடிதம் போல வந்தது அது! சந்தேகம் இருந்தால் அனுப்பியவரிடம் போனில் கேட்டுவிட்டுத் திறங்கள்.

இதையெல்லாம் மீறி ஏமாந்துவிட்டால்? இங்கேதான் நம்மவர்கள் பெரிய தப்புப் பண்ணுகிறார்கள். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு நாலு நாள் மறைக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நோயாளியின் மொழியும் ஒன்று. அவர் வாய் திறக்காவிட்டால் நாடி மட்டும் எவ்வளவு சொல்லும்?

பணம் போனால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்காக அரசு வைத்திருக்கும் எண் அது. பணம் கை மாறுவதற்குள் சொன்னால் தடுத்து நிறுத்த வழி உண்டு. ரகசிய எண்ணை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டத்தை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணம்! அதோடு கம்ப்யூட்டரின் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, அப்பா ஒரே சந்தேகத்தைப் பத்துத் தடவை கேட்டால் எரிந்து விழாதீர்கள். நீங்கள் அ, ஆ எழுதப் பழகியபோது அவர்கள் எத்தனை தடவை கை பிடித்திருப்பார்கள்! இன்றைக்கு நீங்கள் ஏசினால், நாளைக்குப் பெரிய மோசடியில் சிக்கினாலும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். மோசடிக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவரில் 1930 என்று பெரிசாக எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே, ‘எதுவானாலும் எனக்குப் போன் பண்ணுங்க, ஏசமாட்டேன்’ என்றும் எழுதுங்கள். அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.