அதே சுவையாம்!

கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வித்தியாசமே தெரியாது என்று ஆல்கஹாலற்ற பீருக்குச் சான்றிதழ் வழங்கும் நண்பர்களே, தெரியும். நொதித்தலைப் பாதியில் நிறுத்தினால் மால்ட்டின் இனிப்பு கரையாமல் தங்கிவிடுகிறது. ஊறிய தானியத்தின் வாடை மேலெழுகிறது. முழுக்க நொதிக்கவிட்டு, வெற்றிடத்தில் காய்ச்சி ஆல்கஹாலை அகற்றினாலோ, பழமணம் தரும் எஸ்டர்களும் உடன் போய்விடுகின்றன. 1979-இல் வந்த கிளவுஸ்தாலருக்கும் 2017-இல் வந்த ஹைனெகன் 0.0-க்கும் இடையில் நுட்பம் வெகுவாக வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாவில் படரும் அடர்த்தியும் தொண்டையில் இறங்கும் இளஞ்சூடும் ஆல்கஹாலின் கொடை. ஜெர்மானியக் கோதுமை பீர் மட்டும் ஓரளவு தப்பிக்கிறது. ஈஸ்ட்டின் கலங்கலும் கிராம்பு மணமும் குறையை மறைக்கின்றன.

சுவைச் சண்டையோடு போனால் சிரித்துவிட்டு நகரலாம். குடியை விட்டு மீண்டவனிடம் 'அதே சுவைதான், குடி' என்று நீட்டுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் 'ஆல்கஹாலற்றது' என்றே விற்கலாம். அதை அவனிடம் உங்களில் யார் சொன்னீர்கள்?