நீள்குழல் துப்பாக்கியும் 'அசல்' மோகமும்

பழம்பொருள் சேகரிப்போரிடையே 'அசல்' என்னும் சொல்லுக்குக் கிடைக்கும் மரியாதையை நாம் ஐயத்தோடுதான் நோக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நீள்குழல் ரைபிளுக்கு நேர்வதைப் பாருங்கள்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் உருவாக்கியது அது; பெயர் என்னவோ கென்டகிக்குப் போய்விட்டது. (படைத்தவனுக்குப் பெயர் கிட்டாமை எல்லா நாட்டிலும் உண்டு போலும்.) 40 அங்குலத்துக்கும் மேல் நீண்ட குழல், உட்புறம் திருகலாக ஓடும் புரிகள், வரியோடிய மேப்பிள் மரக்கட்டை. கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து குழல்வாய் வழியே திணிப்பர். துணி புரிகளைப் பற்றிக்கொள்ள, குண்டு சுழன்றபடி வெளியேறும். குறி தவறாமைக்கு அச்சுழற்சியே காரணம்.

19ஆம் நூற்றாண்டில், தட்டினால் வெடிக்கும் தொப்பி வந்தது. சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தியலையும் மருந்துக் கிண்ணத்தையும் அகற்றி, நெருப்புத் துளையில் ஓர் உருளையையும் தொப்பி தாங்கும் காம்பையும் திருகிப் பழைய துப்பாக்கிகளையே புதுக்கினர். தேய்ந்த புரிகளை மறுபடி வெட்டியபோது குழலின் துளை சற்றே அகன்றது. இலக்குப் போட்டிக்காரர்களோ அத்தோடு நிற்கவில்லை. கனத்த குழல், தொட்டாலே இயங்கும் இரட்டை விசை, கண்ணருகே துளைக்குறி என மாற்றிக்கொண்டே போயினர். குண்டை நேராக உள்ளிறக்கிவிட்டுச் சுடுமுன் கழற்றிவிடும் 'பொய்வாய்' ஒன்றுக்கு 1840இல் காப்புரிமை பெற்ற ஆல்வன் கிளார்க், பின்னாளில் தொலைநோக்கி வில்லைகளால் உலகப் புகழ் பெற்றவர்.

இத்தகைய துப்பாக்கி கைக்கு வந்ததும், சேகரிப்போர் சிலர் உருளையைக் கழற்றி, புதிய கல்வெடிப் பாகங்களைப் பொருத்தி, அமிலத்தால் துருவேற்றிப் பழமை பூசுகின்றனர். கல்வெடிக்கே சந்தையில் விலை அதிகம். ஏட்டில் பின்னோர் எழுதிய திருத்தங்களைச் சுரண்டிவிட்டு மூலபாடம் கிடைத்துவிட்டது என்பாரை நாம் பதிப்பாசிரியர் என்போமா? தலைமுறைகள் கடந்தும் ஒரு கருவி போட்டிக் களத்தில் நின்றதற்கு அந்த உருளையும் காம்புமே சாட்சி.

முதல் உருவைக் காணும் ஆவல் இழிவன்று. அதற்குப் புதிதாகவே ஒன்றைச் செய்துகொள்ளலாம். அக்கைத்தொழில் அமெரிக்காவில் இன்னும் உயிரோடிருக்கிறது. மாற்றியே தீர்வேன் என்போர், கழற்றியவற்றைத் துப்பாக்கியோடே வைத்து, செய்ததை எழுதியும் கொடுக்கட்டும். அதையும் செய்யாமல் 'தொடப்படாத அசல்' என்று விற்பவரை எப்பெயரால் அழைப்பது?