மாட்யூல் இருந்தால் போதாது, பூட்ட வேண்டும்

கோவில்பட்டியில் படித்துவிட்டு ஜாவா வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலருக்கு இன்றும் பழைய சோப் வெப் சர்வீஸ்களோடுதான் பாடு. அவர்களுக்காக இந்தச் சின்னக் கட்டுரை.

அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற மென்பொருளின் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வந்தது. அதை உருவாக்கியவர்களில் பலர் இலங்கைக்காரர்கள். அதன் அடிப்படை எஞ்சின் சிறியது. மற்ற வேலைகளுக்கெல்லாம் தனித்தனி மாட்யூல். பாதுகாப்புக்கு ராம்பார்ட், அதாவது கோட்டை மதில். செய்தி தவறாமல் போய்ச் சேருவதற்கு சந்தேஷ. சிங்களத்தில் ‘செய்தி’ என்று பொருள். தேவையானதை மட்டும் பூட்டிக்கொள்ளலாம்.

நம்மூர் டிராக்டரும் அப்படித்தானே? வண்டி ஒன்று; கொத்துக் கலப்பை, விதைப்புக் கருவி, டிரெய்லர் எல்லாம் தனி. கொட்டகையில் கலப்பை கிடப்பதால் காடு உழப்பட்டுவிடாது. ஆக்சிஸ்2-விலும் மாட்யூல் ‘கிடைக்கிறது’ என்பது வேறு, ‘பூட்டப்பட்டிருக்கிறது’ என்பது வேறு. மார் கோப்பு கிளாஸ்பாத்திலோ ரெபாசிட்டரி ஃபோல்டரிலோ இருந்தால் அது கிடைக்கும், அவ்வளவுதான். என்கேஜ் செய்தால்தான் வேலை செய்யும்.

சர்வரில் இதனால் பெரிய தொல்லை இல்லை. ரெபாசிட்டரி ஃபோல்டர் ஓரிடத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும். கிளையண்ட் அப்படியில்லை. அது வேறொரு புரோகிராமின் வயிற்றுக்குள் உட்கார்ந்து பல கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. எழுதியவர் மெஷினில் இருந்த ஃபோல்டர் அங்கே இருக்காது. சரி, எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் கட்டிவிடலாம் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு சிக்கல். ஒவ்வொரு மாட்யூலும் தன் விவரத்தை மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் மாட்யூல் எக்ஸ்எம்எல் என்ற ஒரே பெயரில்தான் வைத்திருக்கிறது. அவிழ்த்து ஒன்றாகக் கலந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆகவே என் கருத்து இரண்டு.

ஒன்று, பிற புரோகிராமுக்குள் வைக்கும் கிளையண்ட் தன் மாட்யூல்களைத் தன்னோடே, பிரிக்காத தனித்தனி மார் கோப்புகளாக எடுத்துப் போக வேண்டும். வெளி ஃபோல்டரை நம்பக் கூடாது.

இரண்டு, புரோகிராம் தொடங்கும்போதே எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்துவிட வேண்டும். ஐப்பசி ஈரம் நாலு நாள்தான் நிற்கும். காட்டுக்குள் போன பிறகு விதைப்புக் கருவியைத் தேடும் சம்சாரி உண்டா? முதல் வாடிக்கையாளர் பணம் கட்ட வந்து நிற்கும்போது மாட்யூல் இல்லை என்று தெரிய வந்தால் என்ன பயன்?

இல்லாத மாட்யூலைப் பூட்டச் சொன்னால் ஆக்சிஸ்2 பிழை எறிந்து நிற்கும். அது நல்ல குணம். அந்தப் பிழையைப் பிடித்து லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். விட்டுப்போனது ராம்பார்ட் என்றால், கையொப்பமோ மறையாக்கமோ இல்லாமல் செய்தி வெளியே போகும். எதிர்ப்பக்க சர்வர் அதைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் அதற்குள் ரகசியம் வீதிக்கு வந்திருக்கும்.

வேலை நின்றால் நாலு பேர் திட்டுவார்கள், நாமும் சரிசெய்துவிடுவோம். மதில் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. திட்டு வாங்குவதே மேல், பிள்ளைகளே.