கேட்டால்தான் கேட்கலாம்!

தமிழில் ஒரு வசதி. காதால் கேட்பதும் கேட்பதுதான். கையை நீட்டிக் கேட்பதும் கேட்பதுதான். அமெரிக்காவில் பொது ரேடியோ ஸ்டேஷன் நடத்துகிறவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால், இந்த ஒரு வார்த்தையை வாசலில் போர்டு எழுதி மாட்டியிருப்பார்கள். அவர்கள் பிழைப்பே அதுதான். வருஷம் முழுக்க நேயர்கள் கேட்கிறார்கள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஸ்டேஷன் கேட்கிறது.

என்னத்தை? பணத்தை!

காலை ஏழரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனிலோ சிகாகோவிலோ ஓர் ஆபீஸ் ஆசாமி காரில் போய்க்கொண்டிருக்கிறார். ரேடியோவில் நியூஸ் சுவாரஸ்யமான கட்டத்தில் இருக்கிறது. பட்டென்று நிறுத்திவிட்டு இரண்டு பேர் ஆரம்பிக்கிறார்கள்.

''இந்த நிகழ்ச்சி உங்களுக்குப் பிடிச்சிருக்கா?''

''பிடிக்காமலா தினம் கேட்டுக்கிட்டிருக்கார்!''

''அப்ப போனை எடுக்க வேண்டியதுதானே?''

''இன்னும் பன்னிரண்டே நிமிஷம். அதற்குள் நாற்பது பேர் கூப்பிட்டால் ஒரு புண்ணியவான் கூடவே ஐயாயிரம் டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்...''

பின்னணியில் டெலிபோன் மணி அடிக்கும். அடிக்கவில்லையென்றால் அந்த நிசப்தத்தைப் பற்றியே உருக்கமாக இரண்டு நிமிஷம் பேசுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் கூத்து இல்லை இது. ஒரு வாரம் ஓடும். சில ஊர்களில் பத்து நாள்கூட. அங்கே இதற்கு 'பிளெட்ஜ் டிரைவ்' என்று கௌரவமான பெயர். நம்ம பாஷையில் வசூல் வேட்டை.

ஏன் இப்படி? விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போடக் கூடாது. இந்த ஸ்டேஷன்கள் வாங்கியிருக்கும் லைசென்ஸ் வியாபாரம் சாராத லைசென்ஸ். ஒரு மெத்தைக் கடைக்காரர் பணம் கொடுத்தால், 'இன்ன தெருவில் மெத்தை விற்கும் இன்ன கடை எங்களுக்கு உதவுகிறது' என்று நன்றி சொல்லலாம். அதோடு சரி. 'ஊரிலேயே சிறந்த மெத்தை' என்று சொல்லக் கூடாது. விலை சொல்லக் கூடாது. 'இன்றே வாருங்கள்' என்று கூப்பிடவும் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் தேதியும் மண்டபமும் போட்டுவிட்டு 'வருக' என்று மட்டும் போடாமல் விட்ட மாதிரி!

இந்தக் கேட்கிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் லூயிஸ் ஹில். ரேடியோவில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் 'துப்பாக்கி தூக்க என் மனசாட்சி இடம் தராது' என்று மறுத்த ரகம். போர் முடிந்ததும் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு 1946இல் பசிஃபிகா என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1949 ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் கே.பி.எஃப்.ஏ. என்கிற எஃப்.எம். ஸ்டேஷன் பேச ஆரம்பித்தது. அப்போது பெரும்பாலான வீடுகளில் எஃப்.எம். வாங்கும் ரேடியோவே கிடையாது. கடை திறந்தாகிவிட்டது, கடைக்கு வரத் தெருதான் இல்லை!

ஹில் போட்ட கணக்கு எளிமையானது. கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வருஷத்துக்குப் பத்து டாலர் கொடுத்தால் போதும், ஸ்டேஷன் பிழைத்துவிடும். மீதி 98 பேர் ஓசியில் கேட்கட்டும், பரவாயில்லை.

கணக்கு சரி, கஜானா காலி. 1950 ஆகஸ்டில் பணமில்லாமல் ஸ்டேஷன் மூடிவிட்டது. நம்மில் பலர் அத்தோடு வேறு வேலை பார்க்கப் போயிருப்போம். அங்கே நடந்தது வேறு. ரேடியோ மௌனமானதும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உறைத்தது. கூடிப் பேசினார்கள், பணம் திரட்டினார்கள். 1951 மே மாதம் ஸ்டேஷன் மறுபடி பேசியது. இன்றைக்கும் பேசுகிறது.

ஹில்லின் வாதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சினிமாவுக்கு டிக்கெட் வாங்குகிறீர்கள். வாங்காவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். ரேடியோவில் அப்படி இல்லை. பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே அலைவரிசை, ஒரே பாட்டு. ஆகவே ஒருத்தர் பணம் கொடுக்கிறார் என்றால், வேண்டுமென்றே கொடுக்கிறார் என்று அர்த்தம். அப்படி வருகிற பணத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனுஷன் மனுஷன்தானே! 'நான் ஒருத்தன் கொடுக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?' என்று நினைக்கிற ஆத்மாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எல்லோரும் அப்படியே நினைத்தால் நிஜமாகவே முழுகிவிடும். பொருளாதாரப் புத்தகங்களில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஓசிப் பயணியைக் கீழே இறக்கிவிட ரேடியோவில் கண்டக்டர் கிடையாது. பேச்சால்தான் அவரை டிக்கெட் வாங்க வைக்கவேண்டும்.

அதனால்தான் இத்தனை தந்திரம். கொடுத்தால் காப்பி குடிக்க ஒரு கப், தோளில் மாட்ட ஒரு துணிப்பை. ஸ்டேஷன் பெயர் பெரிதாக அச்சடித்திருக்கும். கடையில் இதைவிடச் சல்லிசாகப் பை கிடைக்கும். ஆனால் இந்தப் பையை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனால் 'நான் கொடுத்தவன்' என்று நாலு பேருக்குத் தெரியும். நம் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதியவருக்கு இந்த மனோதத்துவத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பை வேண்டாமா? வீட்டில் ஓடாத கார் நிற்கிறதா? அதையும் வாங்கிக்கொள்வார்கள். இழுத்துக்கொண்டு போய் விற்றுக் காசாக்கிக்கொள்வார்கள். 'கார் டாக்' என்று 1987 முதல் 2012 வரை நாடு முழுக்க ஒலித்த ஒரு நிகழ்ச்சி. டாம், ரே என்கிற இரண்டு சகோதரர்கள் கார் ரிப்பேருக்கு யோசனை சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்தார்கள். அந்த நிகழ்ச்சி பழைய காரைத் தானம் செய்யச் சொன்னால் யாரால் மறுக்க முடியும்?

'திஸ் அமெரிக்கன் லைஃப்' நடத்தும் இரா கிளாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 'ரேடியோ கேட்டுக்கொண்டே பணம் கொடுக்காத உங்கள் சிநேகிதரைக் காட்டிக்கொடுங்கள்' என்றார். காட்டிக்கொடுத்தார்கள்! அந்தச் சிநேகிதரை இவரே போனில் கூப்பிட்டு, 'என்ன சார், கேட்கிறீங்களாமே, கொடுக்கிறதில்லையாமே' என்று அன்பாக விசாரித்தார். எதிர்முனையில் அசடு வழிவது வசூல் வாரத்தில் ஒலிபரப்பாகும்.

சில ஸ்டேஷன்களின் உத்தி இன்னும் நேரடியானது. 'இலக்கை எட்டிவிட்டால் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிடுகிறோம்' என்பார்கள். பாடவேண்டாம் என்று சொல்லிக் காசு கொடுப்போமே, அந்தக் கதைதான்!

இதில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஜென் ஷாங், ரேச்சல் கிராசன் என்று இரண்டு பெண்மணிகள். வசூல் வாரத்தில் போன் செய்தவர்களில் சிலரிடம், தொகையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வைத்தார்கள். 'இன்னொரு உறுப்பினர் 300 டாலர் கொடுத்தார்' என்று. அவ்வளவுதான். அதைக் காதில் வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 12 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2009இல் கட்டுரையாகவே வந்தது.

இதற்கு அமெரிக்கா வரைக்கும் போகவேண்டுமா? ஆபீஸில் யாராவது ரிடையர் ஆனால் ஒரு பேப்பர் சுற்றி வருமே. முதலில் கண் எங்கே போகிறது? நமக்கு முன்னால் எழுதியவர் எவ்வளவு போட்டிருக்கிறார் என்றுதானே! முதல் பெயருக்கு எதிரே ஐந்நூறு என்று இருந்தால், ஐம்பது எழுத வந்த பேனா தயங்கும். வசூல் நோட்டில் முதல் வரியை யாரிடம் எழுதி வாங்குவது என்பது நம் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு அத்துப்படியான சாஸ்திரம்.

சரி, இத்தனை அவஸ்தை எதற்கு என்பதுதான் கேள்வி. ரேடியோவுக்குப் பணம் வரும் வழி மொத்தம் மூன்று. ஒன்று, கட்டாயம். வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்: ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. இரண்டு, விளம்பரம். சோப்புக் கம்பெனி பணம் தரும். சோப்புக்குச் சங்கடம் வராமல் நியூஸ் வாசிக்கவேண்டும். மூன்று, கேட்பவரிடமே கேட்பது.

அமெரிக்காவில் மூன்றாவதோடு கொஞ்சம் சர்க்கார் பணமும் கலந்திருந்தது. 1967இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி பொது ஒலிபரப்புக்கென்று ஒரு கார்ப்பரேஷன் வந்தது. சர்க்கார் கொடுப்பதை வாங்கி ஊர் ஊராக ஸ்டேஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். சர்க்காரின் கை நேராக மைக்கில் படக் கூடாது என்று நடுவில் ஒரு திரை.

2025 ஜூலையில் அந்தத் திரையோடு பணமும் போயிற்று. இரண்டு வருஷத்துக்கென்று ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. 'ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார்கள், வரிப்பணம் எதற்கு?' என்றது ஆளும் தரப்பு. ஆகஸ்டில் கார்ப்பரேஷன், கடையைக் கட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டது.

செய்தி வந்ததும் பல ஸ்டேஷன்களுக்குப் புதிய நன்கொடைக்காரர்கள் குவிந்தார்கள். 1950இல் பெர்க்லியில் நடந்த அதே கதை. அத்தனை வருஷமாகக் கழுத்தறுக்கிறார்களே என்று நாம் நினைத்த வசூல் வேட்டைதான் அன்றைக்குக் கை கொடுத்தது. கேட்டுப் பழகியவர்களுக்குக் கேட்பது சுலபம்.

ஆனால் இங்கேதான் சிக்கல். நியூயார்க்கில் கேட்டால் கொடுக்க லட்சக்கணக்கில் ஆள் உண்டு. அலாஸ்காவில் பெத்தல் என்று ஒரு சின்ன ஊர். வெளியூரிலிருந்து ரோடு கிடையாது; விமானம் அல்லது படகு. அங்கே கே.ஒய்.யு.கே. என்கிற ஸ்டேஷன் ஆங்கிலத்திலும் யூபிக் என்கிற பழங்குடி மொழியிலும் பேசுகிறது. அதன் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்தக் கார்ப்பரேஷன் கொடுத்ததுதான். 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் அந்தக் கடற்கரையை அடித்து, கிப்னக், க்விகில்லிங்கோக் கிராமங்களிலிருந்து ஜனங்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்படி ஆயிற்று. அந்த மாதிரி நேரத்தில் மூலை கிராமத்துக்குச் சொந்த பாஷையில் சேதி சொல்ல ரேடியோவை விட்டால் வேறு நாதி ஏது? ஹில் சொன்ன இரண்டு சதவீதம் கணக்கு லட்சம் பேருக்குச் சரி. ஆறாயிரம் பேருள்ள ஊரில் இரண்டு சதவீதம் என்பது 120 பேர். அதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கரண்ட் பில் கட்டலாமா?

வசூல் வேட்டைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கொடுக்கிறவர்களுக்குப் பிடித்ததையே பேசிக்கொண்டிருக்கச் சொல்லும். சோப்புக் கம்பெனிக்குப் பயப்படாதவர், நூறு டாலர் மாமாவுக்குப் பயப்படலாம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சோப்புக் கம்பெனி ஒன்று. சர்க்கார் ஒன்று. ஒன்று கோபித்துக்கொண்டால் மைக் அவுட். நூறு டாலர் மாமாக்களோ ஆயிரக்கணக்கில். எல்லோரும் ஒரே நாளில் ஒரே விஷயத்துக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். நியூஜெர்சியில் டபிள்யூ.எஃப்.எம்.யு. என்று ஒரு விசித்திர ஸ்டேஷன். விளம்பரம் இல்லை, மெத்தைக் கடைக்கு நன்றிகூட இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் 'மாரத்தான்' என்று கேட்பார்கள். அதை முதலில் நடத்திய கல்லூரி 1995இல் மூடிவிட்டது. ஸ்டேஷன் முன்கூட்டியே தனியாகப் பிரிந்து தப்பித்து, இன்னும் தன் இஷ்டத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஏழரை மணிக்கு நியூஸை நிறுத்திவிட்டுக் கேட்கிறவர் மீது எரிச்சல் வருவது நியாயம்தான். சேனலை மாற்றவும் உரிமை உண்டு. ஆனால் எதுவுமே கேட்காமல் இருபத்துநாலு மணி நேரமும் இனிக்க இனிக்கப் பேசுகிற ரேடியோ, டி.வி., செல்போன் எதுவானாலும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பில் வராமல் இல்லை. உங்களுக்குப் பதிலாக யாரோ கட்டுகிறார்கள். அவர்கள் யார், எதற்காகக் கட்டுகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.