வாளேந்தியவனுக்கு மட்டும் ஏன் இரட்டை வரி?

பிள்ளைகள் கணினி விளையாட்டில் எத்தனை மணி நேரம் செலவிடுகின்றனர் என்று கேட்கும் பெற்றோர் பலர், ஆசிரியரும் பலர். அவ்விளையாட்டுக்குள் பிள்ளை யாராக உலவுகிறது, வாள்வீரனாகவா மந்திரவாதியாகவா என்று கேட்டவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் வாதம். நகைக்க வேண்டா, காரணம் சொல்கிறேன்.

கற்பனை உலகில் ஒரு பாத்திரமாகப் புகுந்து, அரக்கரோடு பொருது, படிப்படியாக வளரும் விளையாட்டுகளில் ஒரு பழைய வழக்கு உண்டு. வில்லாளியும் மந்திரவாதியும் தொலைவில் நின்று தாக்குவர். வாள்வீரனோ எதிரியை ஒட்டி நின்றே வெட்ட வேண்டும். ஒட்டி நிற்பவன்மேல்தான் அடி விழும். ஆகவே அவனுக்கு உடலுரமும் கவசமும் கூடுதலாகத் தந்து ஈடுசெய்வது ஆக்கியோர் கடமை. 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' அவ்வாறே தொடங்கியது. தொடக்கத்தில் வீரன் உரமானவன், மந்திரவாதி ஓரடிக்கே வீழ்பவன். நாள் செல்லச் செல்ல மந்திரவாதி ஓங்குவான். (பிற்பாதியில் வீரன் வெறும் மெய்க்காப்பாளனாகச் சுருங்கிவிடுகிறான் என்னும் குறை இன்றும் ஓயவில்லை.) எனினும் அது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெற்றது. நடுவராக ஒரு மனிதர் இருப்பார். வீரன் தவிப்பதைக் கண்டால் எதிரியின் வலிமையைக் குறைப்பார். கணினிக்கு அந்தக் கண் இல்லை.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். 2005-இல் இங்கும் மலேசியாவிலும் 'மேப்பிள்ஸ்டோரி' என்னும் கொரிய விளையாட்டு நுழைந்தது. தேக்காவிலிருந்து நடந்தே எட்டும் சிலிகி ரோட்டுப் பார்க்லேன் கட்டடத்தில் கணினி விளையாட்டுக் கூடங்கள் நிறைந்திருந்த காலம் அது. அன்று ஆடிய மாணவர் பலர் இன்று பெற்றோர். சிலர் என் போன்ற ஆசிரியர்க்கு உடன்பணியாளர். அவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அதில் மந்திரவாதி 8-ஆம் நிலையிலேயே தன் தொழிலை ஏற்கலாம்; வீரன் 10-ஆம் நிலைவரை காத்திருக்க வேண்டும். இது சிறிது. மந்திரவாதிக்கு ஒரு காப்பு உண்டு. அதை முழுமையாகப் பயின்றால் விழும் அடியில் 80 விழுக்காடு உயிரளவைத் தொடாது, மந்திர ஆற்றலில் கழியும். வீரனுக்கு உயிரளவு மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரியின் உடல் பட்டாலே அவனுக்குக் காயம். அவன் வீசும் வாளோ தொடக்க நிலைகளில் அடிக்கடி குறிதவறும். பல எதிரிகளை ஒருங்கே வெட்டும் திறனைக் கையாள, மந்திர ஆற்றலோடு தன் உயிரளவிலும் ஒரு பங்கை அவனே கொடுக்க வேண்டும். அடிபடுவதும் அவன், அடிப்பதற்கு உயிர் கொடுப்பதும் அவன்! (வில்லாளியும் அன்று செழித்துக் கிடக்கவில்லை, அது வேறு கதை.)

விளைவு என்ன? மருந்துக் குப்பிகள். குப்பி வாங்க விளையாட்டுக் காசு வேண்டும். காசுக்கு மேலும் அரக்கரைக் கொல்ல வேண்டும். இறந்தாலோ ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி கழியும். பெற்றோர் எண்ணிப் பதறும் அந்த 'மணி நேரம்' இங்கேதான் பிறக்கிறது. அதே விளையாட்டின் கட்டணக் கடையில், இறந்தாலும் புள்ளி கழியாமல் காக்கும் தாயத்தும், புள்ளியை இரட்டிப்பாக்கும் சீட்டும் உண்மைப் பணத்துக்கு விற்கப்பட்டன. விற்பதற்காகவே வாள்வீரனை வருத்தினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. வருத்தத்தை ஒரு கையாலும் மருந்தை மறு கையாலும் நீட்டுபவர்க்கு வருத்தத்தைக் குறைக்க என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன்.

2010-இல் கொரியாவில் 'பிக் பேங்' என்னும் பெருமாற்றம் வந்து வளர்ச்சிப் பாதை எளிதாக்கப்பட்டது. அதே ஆண்டில், ஆயுதத்தின் மறைதிறனைக் குலுக்கல்முறையில் மாற்றும் 'கியூப்' என்னும் கட்டணப் பொருளும் வந்தது. விரும்பத்தக்க திறன்கள் விழும் வாய்ப்பை ஆடுவோர்க்கு அறிவிக்காமலே குறைத்தமைக்காக, 2024 சனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் நெக்சன் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வொன் தண்டம் விதித்தது. சில திறன்கூட்டுகள் விழவே வழியில்லாதபடி வைக்கப்பட்டிருந்தனவாம். பணம் செலுத்திக் குலுக்கிய பிள்ளைக்கு அது எவ்வாறு தெரியும்?

"கடினம் நல்லதுதானே, விடாமுயற்சி வளரும்" என்று சில நண்பர்கள் எதிருரைப்பர். எந்தக் கடினம்? நாம் வினாத்தாள் அமைப்பவர்கள். ஓர் உரைப்பகுதியை நுட்பமாக்கிச் சிந்திக்க வைப்பதும் கடினம். பத்து வினாவுக்கு மாறாக அதே வினாவை முப்பது முறை எழுதச் சொல்வதும் கடினம். இரண்டாவதைத் தேர்வென்று எந்த ஆசிரியர் ஒப்புவார்? எதிரியின் உயிரளவையும் அடியின் வலுவையும் மட்டும் பெருக்கிவிட்டு 'கடின நிலை' என்று பெயர் சூட்டுவது இவ்வகையே. அப்பெருக்கம் தொலைவில் நிற்பவனைத் தொடுவதற்குள் அருகில் நிற்பவனை நசுக்கிவிடுகிறது.

சரிசெய்ய இயலாததும் அன்று. 2012 மே மாதம் வெளிவந்த 'டையப்லோ 3'-இல் நெருங்கிப் பொரும் இரு வகையினர்க்கு மட்டும், விழும் அடியில் 30 விழுக்காடு இயல்பாகவே குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும் உச்சக் கடின நிலையில் அவர்கள் திணறினர்; அடுத்த மாதமே அந்நிலையில் எதிரிகளின் தாக்கு தணிக்கப்பட்டது. ஆயின் அவ்விளையாட்டிலேயே ஆயுதங்களை உண்மைப் பணத்துக்கு ஏலம் விடும் சந்தையும் இருந்ததே! அது விளையாட்டின் அடிப்படையையே குலைக்கிறது என்று ஆக்கியோரே ஒப்பி, 2014 மார்ச் 18-இல் மூடினர்.

ஆகவே பெற்றோரே, இம்முறை கடிகாரத்தைக் காட்டாமல் பிள்ளையின் அருகில் கால்மணி நேரம் அமருங்கள். எவ்வகை வீரன் என்று கேளுங்கள். தோற்ற இடத்தில் அடுத்து என்ன செய்வாய் என்று கேளுங்கள். எதிரி கையை ஓங்கும்போது விலகுவேன், பின்புறம் சென்று வெட்டுவேன் என்று விடை வந்தால் ஆடவிடுங்கள். இன்னும் இருநூறு முறை அதையே கொல்வேன், அல்லது அதை வாங்கித் தாருங்கள் என்று வந்தால், கட்டணக் கடையைத் திறந்து காட்டச் சொல்லி விலைப்பட்டியலை இருவருமாக வாசியுங்கள்.