போர்வையும் பாத்தியும்

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. இஃது ஏற்பவர்க்குச் சொல்லிய அறிவுரை. ஈபவர்க்கும் இது பொருந்துமோ? பொருந்தாது. ஏற்பவர் பல்லைப் பார்த்தல் ஆகாது என்பதனாலேயே, ஈபவர் அதனை ஒன்றுக்கு இருமுறை பார்த்தல் வேண்டும். அமெரிக்க நாட்டில் ஒட்டுப்போர்வை தைத்துப் பிறர்க்கு வழங்கும் மகளிரின் வாழ்க்கையில் இதனை நன்கு காணலாம்.

அந்நாட்டார் ‘குவில்ட்’ என வழங்கும் இப்போர்வை மூன்று அடுக்குகளை உடையது. பல நிறத் துணித்துண்டுகளை இணைத்து அமைப்பது மேலடுக்கு. நடுவில் இருப்பது தட்டையான பஞ்சு விரிப்பு. அடியில் இருப்பது முழுத்துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடும். தையல் நெருங்கி அமையாவிடின், துவைக்குந்தோறும் பஞ்சு இடம்பெயர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். பிறகு அது போர்வையன்று, வெறும் மூட்டையே.

1995ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தைச் சார்ந்த காரென் லௌக்ஸ் என்னும் பெண்மணி, குருதிப் புற்றுநோயுற்ற குழந்தையொன்று தன் சிறு போர்வையைப் பற்றிக்கொண்டே கடுமையான மருத்துவத்தைப் பொறுத்துக்கொண்ட செய்தியை இதழொன்றில் படித்தார். நோயுற்ற பிற குழந்தைகளுக்கும் அத்தகைய போர்வைகளை வழங்கத் தொடங்கினார். ‘லைனஸ் திட்டம்’ என்னும் தொண்டு இவ்வாறு பிறந்தது. போர்வையை ஒருநாளும் கைவிடாத சித்திரக்கதைச் சிறுவன் ஒருவனின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதே ஆண்டில், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் என்னும் தோட்டக்கலை எழுத்தாளர், வீட்டுத் தோட்டத்தில் ஒரு வரிசை கூடுதலாகப் பயிரிட்டு, அதன் விளைச்சலை ஏழைகட்கு உணவளிக்கும் இடத்திற்குத் தருமாறு தம் வாசகரை வேண்டினார். இரு முயற்சிகளும் நாடெங்கும் பரவின. ஊசி பிடிக்கும் கையே களைக்கொத்தும் பிடிப்பது அந்நாட்டில் அரிதன்று.

அத்தகைய இல்லத்தரசி ஒருத்தியின் ஜூன் மாத வாரம் ஒன்றைக் கருதுக. வெயில் ஏறுமுன் தோட்டம். ஏறிய பின் தையல். புதுத்துணியைத் துவைத்து உலர்த்தித் தேய்ப்பதில் திங்கட்கிழமை கழிகின்றது. துவைக்காமல் தைத்தால் பின்னர்த் துணி சுருங்கும். சிவப்புச் சாயம் வெண்துணியில் இறங்கும். அடுத்த நாள் துண்டுகளை வெட்டி இணைக்கத் தொடங்குகின்றாள். இணைப்புத் தையல் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே ஓடுதல் வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் என்ன குறை என்று தோன்றும். ஒவ்வொரு துண்டுக்கும் இருபுறமும் தையல் உண்டு. ஆகவே துண்டுக்கு அரைக்கால் அங்குலம் குறையும். ஒரு வரிசையில் பதினாறு துண்டுகள் இருப்பின், முடிவில் இரண்டு அங்குலம் குறைந்து நிற்கும்! வரிசைகள் தம்முள் பொருந்தா. மயிரிழைப் பிழைகள் கூடி முழப்பிழை ஆவதை அந்த மேசையின்மேல் கண்ணாரக் காணலாம்.

தோட்டம் அவள் வசதிக்காகக் காத்திராது. மழை பெய்த மறுநாள் களை முழங்கால் உயரத்துக்கு எழும் போலும்! தக்காளிச் செடிகளைக் கொம்பில் கட்ட வேண்டும். கயிறு இளந்தண்டை அறுத்துவிடும். ஆதலின், வெட்டி ஒதுக்கிய துணியோரங்களைக் கீற்றாக்கிக் கட்டுகின்றாள். போர்வைக்கு ஆகாத துணி செடிக்கு ஆகின்றது. அதனைப் போர்வைக்குள் மறைத்துத் தைக்க அவள் எண்ணுவதில்லை.

“தொழிற்சாலைப் போர்வை மலிவாகக் கிடைக்கும்பொழுது, இத்தனை நாள் உழைத்து ஒன்று தைப்பானேன்? துணிக்கும் பஞ்சுக்கும் ஆகும் செலவில் இரண்டு வாங்கிவிடலாமே” என்று வினவுவார் உளர். இவ்வினாவைப் புறந்தள்ளுதல் கூடாது. வெள்ளத்தில் வீடிழந்து ஆயிரவர் நடுங்கும் இரவில் தொழிற்சாலைப் போர்வையே தக்கது. அங்கே ஊசியை எடுத்து அமர்வது பேதைமை. ஆனால், மருத்துவமனைக் கட்டிலில் திங்கள் பல கிடக்கும் குழந்தையின் நிலை வேறு. அங்குள்ள விரிப்பும் உடையும் மருத்துவமனைக்கு உரியவை. இன்று ஒருவர்க்கு, நாளை வேறொருவர்க்கு. தைத்து வந்த போர்வை ஒன்றே ‘என்னுடையது’ என்று அக்குழந்தை சொல்லத்தக்கது. வீடு திரும்பும்பொழுது உடன் செல்வதும் அதுவே. ஆகவே, விலையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் எடைபோடுவது முறையன்று.

இவ்வினாவினும் பெரிய கேடு ஒன்று உண்டு. சாயம் போன துணி, விட்டுப்போன தையல், அளவு பிசகிய மூலை ஆகியவற்றை எல்லாம் ‘கொடுப்பதற்குத்தானே!’ என்று ஒதுக்கிவைக்கும் மனமே அது. ‘தனக்கு மிஞ்சியே தானமும் தருமமும்’ என்பதனைக் ‘கழிந்ததைக் கொடு’ என்று பொருள் கொண்டார் செயல் அது. மிஞ்சிய பொழுதைக் கொடுக்கலாம். மிஞ்சிய விளைச்சலைக் கொடுக்கலாம். மிஞ்சிய கவனத்தைக் கொடுத்தல் ஆகாது. லைனஸ் திட்டத்தார் புதியனவும், கையால் செய்தனவும், துவைக்கத்தக்கனவுமாகிய போர்வைகளையே ஏற்பது இதனை நன்கு அறிந்தமையால் போலும்.

சனிக்கிழமை காலையில் போர்வையை அனுப்ப வேண்டும். வெள்ளி இரவு ஓரக்கட்டுத் தையலை விரலால் தடவிப் பார்த்துவருகையில், நான்கு அங்குல நீளத்திற்குத் தையல் அடித்துணியைப் பற்றாமல் ஓடியிருக்கக் காண்கின்றாள். பஞ்சு வெளியே தெரியவில்லை, குழந்தைக்கும் தெரியப்போவதில்லை. ஆனால், போர்வையில் முதலில் நைவது ஓரமே. பத்தாம் துவைப்பில் அது வாய்பிளக்கும். விளக்கைத் தூண்டி, தையலைப் பிரித்து, மீண்டும் தைக்கின்றாள். மறுநாள் காலை, கூடுதல் வரிசையில் விளைந்த பட்டாணியையும் முள்ளங்கியையும் பறித்துக் கழுவிக் கூடையில் அடுக்கிப் போர்வையோடு வண்டியில் ஏற்றுகின்றாள். வெடித்தவையும் கோணியவையும் அவள் வீட்டு மேசைக்கு வந்தன.