கோயில் ஆபீஸுக்குக் கள்ளச் சாவி எதுக்கு?

பிரிஞ்சாங்கிலிருந்து கோயில் தொண்டர்கள் நாங்கள் எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டணும்னா திட்டுங்க.

போன நிர்வாகக் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆண்டிவைரஸ் ஏற மாட்டேங்குது. பாதி வரைக்கும் போய் நிக்குது. விடாம போட்டா கடைசியில "ஆக்டிவேஷன் தோல்வி"ன்னு வருது. உடனே ஒருத்தர், "எதுக்கு இவ்வளவு பாடு? என் மருமகன்கிட்ட கிராக் இருக்கு, ஒரு காசு செலவில்ல"ன்னார். இன்னொருத்தர், "கோயில் கம்ப்யூட்டர்ல எவன் வந்து கண்ணு வைக்கப் போறான்?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரல.

முதல்ல இரண்டாவது ஆளுக்குப் பதில் சொல்றோம். ஐயா, அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தீங்களா? உபயகாரர் பெயர், ஐசி நம்பர், போன் நம்பர், வீட்டு முகவரி. யார் அன்னதானத்துக்கு எவ்வளவு கொடுத்தார்ங்கிற கணக்கு. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் பெயர் கொடுத்த பிள்ளைகள் பட்டியல். கோயில் வங்கிக் கணக்கைத் திறக்கிறதும் அதே கம்ப்யூட்டர்லதான். இந்தப் பட்டியல் ஒரு மோசடிக்காரன் கையில கிடைச்சா என்ன செய்வான்? லயத்துல தனியா இருக்கிற பாட்டிக்குப் போன் போட்டு, "கோயில்ல இருந்து பேசுறோம்மா, போன வருஷம் 500 வெள்ளி கொடுத்தீங்களே"ன்னு ஆரம்பிப்பான். பாட்டி நம்பாம என்ன செய்யும்? அவன் கண்ணு வைக்கிறது கோயில் மேல இல்ல, கோயிலை நம்பிப் பெயர் கொடுத்த சனங்க மேல.

இப்போ கிராக் விஷயம். கிராக் போடணும்னா அது முதல்ல கேட்கிறது என்ன தெரியுமா? "உங்கள் பாதுகாப்பை நிறுத்தி வையுங்கள்." வீட்டுக்குக் காவல்காரன் வைக்கிறதுக்கு முன்னால கதவைத் திறந்து போட்டு, நாயையும் கட்டிப் போடுன்னு சொல்றவனை நீங்க உள்ளே விடுவீங்களா? ஆண்டிவைரஸ் மத்த சாப்ட்வேர் மாதிரி மேலோட்டமா உட்கார்றது இல்ல. கம்ப்யூட்டரோட அடிவேர் வரைக்கும் போறதுக்கு அதுக்கு அனுமதி உண்டு. 2024 ஜூலை 19-ஐ ஞாபகம் வச்சுக்குங்க. கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பெரிய பாதுகாப்பு நிறுவனம், முறையா அனுப்பின ஒரே ஒரு அப்டேட்ல பிழை. உலகம் பூரா ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையில நின்னுடுச்சு. நம்ம நாட்டுல ஏர்ஏசியா பயணிகள் செக்-இன் வரிசையில தவிச்சாங்க. பெயர், முகவரி எல்லாம் உள்ள நிறுவனம் தெரியாம செஞ்ச பிழைக்கே இந்தக் கதி. முகமே தெரியாத ஒருத்தன், வேணும்னே பூட்டை உடைச்சுக் கொடுக்கிற சாமானுக்குள்ள என்ன வச்சிருப்பான்னு உங்க மருமகன் உத்தரவாதம் தருவாரா?

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. 1991-ல் சென்னையில கேசவர்தனன் தொடங்கினது கே7 ஆண்டிவைரஸ். "நம்மாளு சாதனை"ன்னு பெருமையா பதிவு போடுறவங்களே, அதே சாமானுக்குக் கிராக் இருக்கான்னு குழுவுல கேட்கிறாங்க. பாராட்டு மட்டும் நம்மாளுக்கு, காசு கிடையாதா?

சரி, கம்ப்யூட்டருக்கு என்னதான் ஆச்சு? நாங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்ல. எஸ்.பி.எம்.மோட நின்னு, தேயிலை ஃபேக்டரியில ஆளையும் மெஷினையும் பார்த்தே அம்பது வயசைத் தாண்டிட்டோம். ஃபேக்டரியில கொழுந்து அரைக்கிற மெஷின் நின்னா உடனே சுத்தியலைத் தூக்க மாட்டோம். கரண்ட் வருதா, பெல்ட் சரியா இருக்கா, நடுவுல எதுவும் சிக்கியிருக்கான்னு ஒவ்வொண்ணா பார்ப்போம். அதே மாதிரி ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம். மூணு விஷயம் கிடைச்சுது.

ஒண்ணு, கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூட வந்த சோதனைக்கால ஆண்டிவைரஸ் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்துச்சு. ஒரே வாசல்ல ரெண்டு காவல்காரன் நின்னா ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு பிடிப்பான். புதுசு பாதியில நின்னது அதனாலதான். செட்டிங்ஸ்ல போய்ப் பழசை நீக்கி, அந்த நிறுவனமே தர்ற நீக்கும் கருவியையும் ஓட்டி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைச்சுப் போட்டோம்.

ரெண்டு, கம்ப்யூட்டர்ல தேதி பல வருஷம் பின்னால நின்னுச்சு. உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கு, சிஆர்2032ன்னு போட்டிருக்கும். அது செத்துப்போச்சு. நாம ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சதும் கடிகாரமும் நின்னுடுது. தேதி தப்பா இருந்தா நிறுவனத்தோட சர்வர் காட்டுற சான்றிதழைக் கம்ப்யூட்டர் நம்பாது. ஆக்டிவேஷனும் நடக்காது, அப்டேட்டும் ஒழுங்கா வராது. சில வெள்ளி பேட்டரியில முடிஞ்ச வேலை.

மூணு, அந்தச் சாவியே கோளாறு. யாரோ ஆன்லைன்ல 12 வெள்ளிக்கு வாங்கினது. ஒரு சாவிக்கு இத்தனை கம்ப்யூட்டர்னு அளவு உண்டு. அது எப்பவோ தீர்ந்துபோன சாவி. வித்தவனுக்கு மெசேஜ் போட்டோம், பதிலே இல்ல. நல்ல சாவியா இருந்தாலும் சைபருக்கும் ஓ எழுத்துக்கும், ஒண்ணுக்கும் ஐ எழுத்துக்கும் வித்தியாசம் பார்த்து அடிக்கணும். சில சாவி வேற நாட்டுக்குன்னே வித்தது, இங்க வேலை செய்யாது.

கடைசியில நடந்ததைக் கேளுங்க. பழசை நீக்கினதும் விண்டோஸ்லயே இலவசமா இருக்கிற டிஃபெண்டர் தானாகவே எழுந்து காவலுக்கு நின்னுடுச்சு. வேற ஆண்டிவைரஸ் உள்ளே இருந்தா அது ஒதுங்கிக்கும், அது போனா திரும்ப வரும். நம்ம ஆபீஸ் வேலைக்கு அதுவே போதும். உண்டியல் காசும் போகல, கிராக்கும் தேவைப்படல.

இப்போ மனசுல கிடக்கிற விஷயத்தைச் சொல்லணும். இந்தக் கோளாறு ஆரம்பிச்சப்போ, "நீங்கதானே ஆபீஸ்ல இருக்கீங்க, நீங்களே பார்த்துக்குங்க"ன்னு நம்ம ஆபீஸ் அக்காகிட்ட தள்ளி விட்டோம். அவங்க கூகுள்ல தேடி, முதல்ல வந்த "உதவி" நம்பருக்குப் போன் போட்டாங்க. அவன் தூரத்திலிருந்து இயக்குற ஆப் ஒண்ணைப் போடச் சொன்னான், புதுப்பிப்புக் கட்டணம்னான், வங்கியிலிருந்து வந்த நம்பரைப் படிக்கச் சொன்னான். அக்காவோட சொந்தக் கணக்குல இருந்து 1,800 வெள்ளி போச்சு. அதுக்கப்புறமும் கூட்டத்துல சிலர், "படிச்சவங்க ஏமாறுவாங்களா?"ன்னு சாடை பேசினீங்க. தப்புங்க. தோட்டத்துக் கிராணியும் ஏமாந்திருக்கார், பட்டணத்து டாக்டரும் ஏமாந்திருக்கார். அக்கா படிப்பு இல்லாம ஏமாறல. உதவிக்கு ஆள் இல்லாம ஏமாந்தாங்க. அந்த ஆள் நாமதான். எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம்.

அதனால நிர்வாகத்துகிட்ட கேட்கிறது இதுதான். கோயில் கம்ப்யூட்டர்ல கிராக் எதுவும் ஏறக்கூடாதுன்னு தீர்மானம் எழுதுங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. கூரை ஓட்டையா இருந்தா காவல்காரனால மழையைத் தடுக்க முடியாது. புது மெஷினுக்குக் காசு ஒதுக்குங்க. உபயகாரர் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து, கம்ப்யூட்டரோட சேராம தனியா பூட்டி வைங்க. எந்த உதவி நம்பரும் நிறுவனத்தோட சொந்த வலைப்பக்கத்துல இருந்து மட்டும் எடுக்கணும். "உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதி"ன்னு திரையில குதிக்கிற எதையும் தொடாம மூடணும்.

வீட்டுல உள்ளவங்களுக்கும் சொல்றோம். வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே கோப்பு வந்தா திறக்காதீங்க. காசு போயிடுச்சுன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே வங்கிக்கும் 997-க்கும் கூப்பிடுங்க. வெட்கப்பட்டுக்கிட்டு மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. அக்கா காத்திருந்தாங்க, நாம சிரிப்போம்னு பயந்து.

அடுத்த கூட்டத்துல முதல் வேலையா அக்காகிட்ட மன்னிப்புக் கேட்கப் போறோம். சிரிச்சவங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க.

முருகா சரணம். சரின்னு பட்டா பகிருங்கள்.